தண்ணீர் லாரியும் நீலப் புள்ளியும்

அருப்புக்கோட்டையில் தனுஷ்கோடி, மாசிலாமணி, கதிரேசன் என்று மூன்று பேர் ஆப் செய்யும் கம்பெனி நடத்திவந்தார்கள். மூவரும் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

ஒரு தண்ணீர் லாரி வைத்திருக்கும் பொன்னுத்தாய் அக்கா ஒரு வேலை கொடுத்தார். லாரி எங்கே வருகிறது என்று வாடிக்கையாளர்கள் போனிலேயே பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஒரே ஆப் ஓட வேண்டும்.

"வெள்ளிக்கிழமை லாரி நிக்கிற இடத்தை ஆப் சரியாக் காட்டணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்," என்றார்.

தனுஷ்கோடி உடனே தலையாட்டினான். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் மாமனாரின் மிளகாய் வத்தல் கடையில் உட்கார்ந்து காலமெல்லாம் தும்ம வேண்டியதுதான்.

வரைபடத்தைத் தாங்களே செய்ய மூளை போதாது என்று மூவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, வெளியூர் கம்பெனி ஒன்று செய்துவைத்திருந்த 'மேப் கிட்'டை எடுத்தார்கள். அதை ஆப்பில் சேர்த்தால் லாரி ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். கூடவே செய்முறைக் குறிப்பும் இருந்தது.

'நிபந்தனைகளை முழுதும் படித்துச் சம்மதம் தெரிவிக்கவும்' என்றது முதல் வரி. கதிரேசன் அறுபத்துநாலு பக்கத்தையும் உரக்கப் படித்தான். பக்கத்துக்குப் பக்கம் மற்ற இருவரும் எழுந்து நின்று "சம்மதம்" என்றார்கள். கீழ்க்கடைத் தையல்காரர் நிச்சயதார்த்தமாக்கும் என்று வெற்றிலைத் தட்டோடு மேலே வந்துவிட்டார்.

அடுத்த வரி: 'முதலில் நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிப் பார்க்கவும். புள்ளி தெரிந்தால் எல்லாம் சரி.'

ஆண்ட்ராய்டு பாகத்தில் தனுஷ்கோடி ஆபீஸ் இருக்கும் இடத்தின் எண்களை எழுதினான். புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

"'ஓடும் வண்டியை இணைப்பது எப்படி'ன்னு இன்னும் பதினோரு பக்கம் இருக்கேண்ணே," என்றான் கதிரேசன்.

"எல்லாம் சரின்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதுக்கு மேல படிச்சா அவங்களை நம்பலேன்னு ஆயிரும்டா."

குறிப்பை மரியாதையாக மூடிவைத்தார்கள். ஐபோன் பாகம் மாசிலாமணியுடையது. வெள்ளிக்கிழமை நடக்கும் பெரியம்மா பேத்தியின் காதுகுத்துக்காக முந்தின நாளே பாலையம்பட்டி மண்டபத்துக்குப் போனவன், அங்கே உட்கார்ந்தே அதே குறிப்புப்படி அதை முடித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆப் ஊருக்குள் வந்தது. பத்து மணிக்குள் நாற்பது பேர் குடத்தோடு ஆபீஸ் மாடிப்படியில் நின்றார்கள். ஒரு அம்மாள் குனிந்து மேசைக்கு அடியிலும் லாரியைத் தேடினார்.

பொன்னுத்தாய் போனில் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, லாரி பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்குது. ஆப் உங்க ஆபீசைக் காட்டுது. இரு, நேர்லயே வாரேன்!"

தனுஷ்கோடிக்கு அப்போதே மூக்கு அரித்தது. அவனும் கதிரேசனும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"ஆப் மேல தப்பில்லண்ணே," என்றான் கதிரேசன். "காலையிலேருந்து சொன்ன இடத்துல அசையாம நிக்குது. லாரிதான் நிலையில்லாம அலையுது."

தனுஷ்கோடி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடனே லாரி டிரைவரைக் கூப்பிட்டான்.

பொன்னுத்தாய் வந்து இறங்கியபோது லாரி ஆபீஸ் வாசலில் நின்றது. போனைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "பரவாயில்லையே! சரியாத்தான் காட்டுது," என்றார். சந்தோஷத்தில் தனுஷ்கோடிக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணி கூப்பிட்டான்.

"அண்ணே, ஐபோன்காரங்க இருபது பேர் குடத்தோட மண்டபத்துக்கு வந்துட்டாங்க. பந்தியில சாப்பிட்டும் முடிச்சாச்சு. லாரி எங்கன்னு கேக்காங்க."

தனுஷ்கோடி போனை வைத்தான். பிறகு பொன்னுத்தாயிடம் பணிவாகச் சொன்னான்:

"ஆப்ல ஒரு குறையும் இல்லக்கா. உங்ககிட்டதான் ஒரு லாரி குறையுது."