அந்தோணியாரின் வெறுங்கை

வெகு காலத்துக்கு முன்னே, கடலும் வானமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாளில், செம்மணற்கரை என்றொரு ராச்சியம். அங்கே ஒரு கோயில். கோயிலில் மூன்று மாடம், மாடத்துக்கு ஒரு புனிதர் சிலை. கண்நோவுக்கு லூசியம்மாள், கொள்ளைநோய்க்கு ஆரோக்கியநாதர், தொலைந்த பொருளுக்கு அந்தோணியார்.

எதையாவது தொலைத்தவர் அதை அந்தோணியாரிடம் சொல்லிவிட்டு, அவர் கையிலிருக்கும் குழந்தை சேசுவின் சிலையைப் பிணையாக வீட்டுக்குத் தூக்கிப் போவார். பொருள் கிடைத்ததும் பூச்சூட்டித் திருப்பி வைப்பார். அதுதான் கரை வழக்கம்.

ஒருநாள் கடலை மூடுபனி மூடியது. போன கட்டுமரங்கள் திரும்பவில்லை. மதலேனாளின் புருஷன் சூசையும் திரும்பவில்லை. அவள் கோயிலுக்கு ஓடினாள். அந்தோணியாரின் கை வெறுங்கையாக இருந்தது!

ஆரோக்கியநாதரின் காலடியில், வாயில் ரொட்டியோடு நிற்கும் கல்நாய் முனகியது. மதலேனாள் ரொட்டியை மெல்ல உருவினாள்.

"அப்பாடா! பேச வாய் கிடைத்தது," என்றது நாய். "கழுகுப்பாறை மந்திரவாதிதான் குழந்தையைத் தூக்கிப் போனான். வா, மோப்பம் பிடிக்கிறேன்."

நாய் முன்னே, மதலேனாள் பின்னே. பனிக்குள் போனார்கள், போனார்கள், பாறைவரை போனார்கள். கிழ மந்திரவாதி குழந்தையை மடியில் வைத்து, வாயால் பனி ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏனய்யா இந்தப் பனி?"

"குழந்தை யார் கண்ணிலும் படக்கூடாதே! நானும் ஒன்றைத் தொலைத்தவன். கிடைக்கும்வரை தரமாட்டேன்."

"என்ன தொலைந்தது என்று அந்தோணியாரிடம் சொன்னீரா?"

"சொல்ல வேண்டுமா?"

"நல்லாயிருக்கே! சொல்லாமல் எடுத்தால், பாவம், அவர் எதைத்தான் தேடுவார்?"

"மந்திரம் படித்தவன் வழக்கம் படிக்கவில்லை," என்று சிரித்தது நாய்.

மந்திரவாதி தலைகுனிந்தான். "வித்தை தேடி வந்தேன். ஊருக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்டேன் அம்மா."

"என் புருஷனும் வழி தெரியாமல்தான் கிடக்கிறார். உம்முடைய பனியிலே."

கிழவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஊதுவதை நிறுத்தினான். குழந்தையை அவள் கையில் கொடுத்தான். கோயில் இருந்த பக்கம் திரும்பி, "அந்தோணியாரே, என் ஊர் வழி தொலைந்துபோனது," என்றான்.

பனி கலைந்தது. கடலெல்லாம் பாய்மரம்! முதல் கட்டுமரத்தில் சூசை கைவீசினான். பாறைக்குப் பின்னால் ஒரு பனங்காடு, அதனூடே ஓர் ஒற்றையடிப் பாதை, முடிவில் அடுப்புப்புகை.

"அது... அது என் ஊர்!"

"ஊதி ஊதி நீரே மூடிவைத்தீர்," என்றது நாய்.

கிழவன் பாதையில் இறங்கி நடந்தான். குழந்தை பூச்சூடி அந்தோணியாரின் கைக்குத் திரும்பியது. நாய் தன் பீடத்தில் ஏறியது. மதலேனாள் ஒரு ரொட்டியை நீட்டினாள்.

"பழசா?"

"இப்போது சுட்டது."

"அப்படியானால் இனி பேச்சில்லை," என்று கவ்விக்கொண்டது நாய்.

கடலில் போனவர்கள் கஞ்சி குடித்தார்கள். கதை கேட்டவர்கள் கண்மூடித் தூங்குங்கள்.