சும்மா கிடக்கும் மேடு

நாவல் காட்டுக்கு ஒரு கொக்கு வந்தது. எந்த நிலத்தில் யாருக்கு என்ன தீனி கிடைக்கிறது என்று எழுதிவர யானை அரசர் அனுப்பியிருந்தார். நன்றாகப் படித்த கொக்குதான், ஆனால் நடக்கச் சோம்பல். குளக்கரையில் நின்றபடியே எல்லாரையும் விசாரித்தது.

முள்ளம்பன்றியிடம், வடக்கு மேட்டில் என்ன விளைகிறது என்று கேட்டது. அது சித்திரை மாதம்.

"இப்போ சும்மா கிடக்குங்க."

கொக்கு 'தரிசு' என்று எழுதிக்கொண்டு பறந்துவிட்டது. ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது: மேடு தரிசாம், எருமைகள் புரள அங்கே குட்டை வெட்டப் போகிறார்களாம்.

முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. தவளைக்கோ குறும்பு. "தன் வாயால் கெடுவது எங்கள் குலத்தொழிலாயிற்றே, நீ எப்போது கற்றாய்?" என்றது. சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மேட்டுக்குள் வள்ளிக்கிழங்கு இருந்தது. வைகாசிக் கடைசியில் வேறு தீனி அற்றுப்போகும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். அப்படி விட்டுவைப்பதைத்தான் அவர்கள் 'சும்மா கிடக்கு' என்பார்கள்.

அரசரையும் கொக்கையும் மேட்டுக்கே கூட்டிவந்தார்கள். மழை பொய்த்த வருஷம் தன் வீட்டார் தோண்டிய இடத்தில் முயல் ஒரு கூழாங்கல் வைத்தது. காட்டுப்பன்றி ஒன்று வைத்தது. ஆளுக்கொன்றாக வைக்க வைக்க, மேட்டில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை இருந்தது. இப்போது இல்லாத யாரோ ஒருவரின் பெயரும் இருந்தது.

முள்ளம்பன்றி ஒரு கிழங்கைத் தோண்டியது. மறுபடி முளைக்கட்டும் என்று கொடியோடு தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு, மீதியை அரசரிடம் நீட்டியது.

அரசர் முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது. "அந்தப் பஞ்சத்தில் எங்கம்மா எனக்கு ஊட்டியது இதுதான். இதே மணம். எந்த இடமென்று இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேனே" என்றார்.

குட்டை வேலை அன்றோடு நின்றது. கொக்கு வெட்கத்தோடு 'தரிசு' என்பதை அடித்துவிட்டு, என்ன எழுதட்டும் என்று முள்ளம்பன்றியைக் கேட்டது.

"பசிக்கு வைத்த நிலம்னு எழுதுங்க."

நிலத்தைப் பற்றி எழுதுகிறவர், அதில் உண்டு வாழ்கிறவரோடு நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.