அண்ணன் சட்டையின் கிழிசல்

“எங்க அண்ணன் வாசல்ல உட்கார்ந்திருக்காரு சாமி. சீக்கிரம் தைச்சுக் கொடுத்து அனுப்பிவிடுங்க” என்றார் சட்டநாதன்.

மலையடி மடத்துச் சாமியிடம் ஒரு தையல் மிஷின் உண்டு, காலால் மிதிக்கிறது. வருகிறவர்கள் கிழிசலைக் கொடுப்பார்கள், அவர் தைத்துக் கொடுப்பார். சீடர் சட்டநாதனுக்குச் சாமியைவிட வயசு கூடுதல். வீம்பும் கூடுதல்தான்.

அன்றைக்கு வந்தது அவருடைய அண்ணன் வைரவனின் சட்டை. தோளில் ஒரு சாண் கிழிசல்.

“அண்ணன்கிட்ட பேசினீங்களா?”

“நானா? அப்பா செத்த வீட்டுல, அத்தனை பேர் மத்தியில ‘நீ எதுக்கு வந்தே’ன்னு கேட்டவரு சாமி அவரு. வருஷம் மூணாச்சு. அவரு பேசட்டும்.”

“பேசத்தான் வந்திருக்காரோ என்னவோ.”

“சட்டை தைக்க வந்திருக்காரு.”

“ரெண்டு பஸ் மாறியா? அவர் ஊர்ல டெய்லரே இல்லையாக்கும்?”

சட்டநாதன் சட்டையை மிஷின் மேல் வைத்தார்.

சாமி முக்காலியை விட்டு எழுந்தார்.

“நீங்களே தைங்க.”

சட்டநாதன் உட்கார்ந்தார். ஓங்கி மிதித்தார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் அறுந்தது.

கோத்துவிட்டு இன்னும் ஓங்கி மிதித்தார். மறுபடியும் அறுந்தது.

“மிஷின் சரியில்ல சாமி.”

“சக்கரத்தைத் தொட்டீங்களா?”

“மிதிக்கிறது கால். கைக்கு இதுல என்ன வேலை?”

“கைதான் ஒரு சுத்து சுத்திவிடணும். பிறகு கால் பார்த்துக்கிடும்.”

“எந்தப் பக்கம்?”

“உங்க பக்கம்.”

சட்டநாதன் சக்கரத்தைத் தன் பக்கமாக இழுத்துச் சுற்றினார். கால் மெதுவாகச் சேர்ந்துகொண்டது.

மிஷின் ஓடியது.

தைத்து முடித்ததும் சாமி கையை நீட்டினார்.

“கொடுங்க. பஸ் வர்ற நேரம். நான் போய்க் கொடுத்துட்டு வர்றேன்.”

சட்டநாதன் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

வைரவன் துண்டைப் போர்த்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது.

சட்டநாதன் சட்டையை உதறி விரித்துப் பிடித்தார். செருமிக்கொண்டார்.

“அண்ணே, கையை நீட்டுங்க.”

வைரவன் திரும்பினார். துண்டு நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. ஒரு கையை நுழைத்தார். மறு கையையும் நுழைத்தார். தோளைத் தடவிப் பார்த்தார்.

பஸ் வந்து நின்றது. போய்விட்டது.

“கோணலாத் தைச்சிருக்கியேடா” என்றார்.