எதிர்வீட்டுக்குப் போன தட்டுகள்

"அன்பே இல்லாதவங்களுக்கு எதுக்கு சாமி பலகாரம்?"

சின்னச் சாமியார் மாதா கோவிலில் குழந்தை இயேசுவுக்குக் குடில் கட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டே நாள். கோவிலின் இடது மூலையில் மண்ணைக் குவித்து, மேலே வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிரகாசியம்மாள் நின்றாள். கையில் அச்சுமுறுக்குத் தட்டு. முகம் கடுகடு என்று இருந்தது.

அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. சின்னச் சாமியாருக்கு முப்பதுதான். இந்தப் பங்குக்கோவிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் மனசில் எது உறுத்தினாலும் அவள் இவரிடம்தான் வருவாள். பெரிய சாமியார் அரை மணி நேரம் புத்தி சொல்வார். இவர் ரெண்டு வார்த்தையோடு விட்டுவிடுவார். அந்த ரெண்டு வார்த்தை பத்து நாளைக்குக் குடைந்துகொண்டே இருக்கும், அது வேறு விஷயம்.

"யாரைச் சொல்றீங்க?"

"எதிர்வீட்டுப் பேராச்சியைத்தான். பீடி சுத்துறாளே, ஒத்தையில இருக்காளே, அவதான். குடிவந்த வருஷத்துல இருந்து கிறிஸ்துமஸ் பலகாரம் குடுத்து விடுறேன். மூணு வருஷம், மூணு தட்டு. எல்லாம் எங்க வீட்டுக்காரர் பேர் வெட்டுன எவர்சில்வர் தட்டு. ஒண்ணாச்சும் திரும்பி வரணுமே! நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை? ஊகூம். என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிடுறா."

"மத்த வீட்டுக்குப் போன தட்டு?"

"அதெல்லாம் டாண்ணு வந்துரும். போஸ்ட்மேன் வீட்டுல சீனி போட்டு வரும். பாய் வீட்டுல பேரீச்சம்பழம். டெய்லர் வீட்டுல ஒண்ணும் இல்லாட்டி நாலு முருங்கைக்காயாவது வச்சிருப்பாங்க."

"வெறுந்தட்டு?"

"சீச்சீ! வெறுந்தட்டை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? நம்ம ஊர்ல அப்படி வழக்கமே கிடையாது சாமி."

சாமியார் குழாயடிக்குப் போய்ச் சேற்றைக் கழுவிவிட்டு வந்தார். ஒரு அச்சுமுறுக்கை ஒடித்து வாயில் போட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் நான் விடப்போறதில்ல சாமி. அவ வாசல்ல போய் நின்னு, தெருவே கேக்கிற மாதிரி, என் தட்டை எடுத்து வைடின்னு கேக்கத்தான் போறேன். அவளுக்கு நல்லா வேணும். பெறவு உங்ககிட்ட வந்து பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுறேன்."

"கேளுங்க."

பிரகாசியம்மாள் திகைத்தாள். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்துத்தான் வந்திருந்தாள்.

"ஆனா தட்டைக் கேக்காதீங்க. வேற ஏதாவது கேளுங்க."

"வேற என்னத்த?"

"உங்ககிட்ட இல்லாதது."

"நல்லாருக்கே! அவகிட்ட என்ன சாமி இருக்கு, நான் போய்க் கேக்க?"

சாமியார் தட்டை வாங்கினார். முறுக்கை எல்லாம் ஒரு வாழையிலைக்கு மாற்றினார். தட்டைக் கழுவினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குடிலுக்கு வைத்திருந்த வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார்.

"வெறுந்தட்டா எப்படிக் குடுக்கிறது?"

"நல்ல கூத்து!" பிரகாசியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வைக்கோலைத் தூரப் போடக் கை வரவில்லை. குடிலுக்கு வந்த வைக்கோல் ஆயிற்றே. ஜன்னல் திட்டில் வைத்தாள்.

பிறகு அடுக்களையை ஒரு சுற்று பார்த்தாள். அரிசி இருந்தது. சீனி, எண்ணெய், கருப்பட்டி, எல்லாம் இருந்தது. உப்பு ஜாடிகூடத் தளும்பத் தளும்ப இருந்தது. 'என்கிட்ட எது இல்லையாம்? இந்தச் சாமிக்கு வேற வேலை இல்ல.'

முந்திரிக்கொத்துப் பலகார வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் தட்டுச் சண்டை என்று முடிவு செய்தாள்.

வறுத்து இடித்த பாசிப்பயற்று மாவு பெரிய உருளி நிறைய இருந்தது. கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி அதில் ஊற்றிக் கிளறினாள். முப்பது வீட்டுக்கு வேண்டுமே, மொத்தமாக ஊற்றிவிட்டாள். உருட்ட உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முன்னெல்லாம் உருளியைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மகன்கள் ரெண்டு பேரும் குடும்பத்தோடு மஸ்கட் போய்விட்டார்கள். போன வருஷம் கைகொடுத்த டெய்லர் பெண்சாதி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். இந்த வருஷம் ஒற்றை ஆள்.

சூட்டோடு உருட்ட வேண்டும். ஆறினால் மாவு பிடிபடாது, உதிர்ந்துவிடும்.

பத்து உருண்டை உருட்டினாள். உள்ளங்கை தீயாய் எரிந்தது. பதினைந்தாவது உருண்டை கையிலேயே விண்டுபோனது.

"ஐயோ, மாதாவே!"

நிமிர்ந்தாள். திறந்த கதவு வழியே எதிர்வீடு தெரிந்தது. பேராச்சி படியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பிரகாசியம்மாள் மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஏளா பேராச்சி! ஓடியாளா! மாவு ஆறிப்போகுது. கொஞ்சம் கை குடுளா!"

பேராச்சி பதறி எழுந்தாள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"நானாக்கா?"

"உன்னைத்தான். வேற யாரு இருக்கா எனக்கு?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று பிரகாசியம்மாளுக்கே கேட்டது.

பேராச்சி ஓடி வந்தாள். புகையிலை வாடை போகச் சீயக்காய் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். உருளிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இவள் ஒன்று உருட்டுவதற்குள் அவள் நாலு உருட்டி வைத்தாள். எல்லாம் ஒரே அளவு.

"சூடு தாங்குதா?"

"பீடி சுத்திக் கை காய்ச்சுக் கிடக்குக்கா. ஒண்ணும் செய்யாது."

முக்கால் மணி நேரத்தில் உருளி காலி. கீழே விரித்திருந்த வேட்டி நிறைய உருண்டைகள். பிரகாசியம்மாள் மனம் குளிர்ந்து காபி போட எழுந்தாள். ரெண்டு தம்ளரோடு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

மனசு சப்பென்று ஆகிவிட்டது. 'பார்த்தியா, புத்தியைக் காட்டிட்டா.'

கதவு திறந்தது.

பேராச்சி தெருவைத் தாண்டி வந்தாள். நெஞ்சோடு அணைத்தபடி மூன்று தட்டு. சாம்பல் போட்டுத் துலக்கித் துலக்கிக் கண்ணாடியாய் மின்னின. வெட்டிய பேர் தெளிவாய்த் தெரிந்தது.

"முதல் வருஷம் போட ஒண்ணும் இல்லக்கா. அடுத்த வாரம் எதையாவது வச்சுக் குடுத்துரலாம்னு இருந்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான் இருந்துச்சு. அப்படியே நாள் போயி ரெண்டாவது தட்டு வந்துட்டு. ரெண்டு தட்டுக்கு நான் எங்க போவேன்? உங்க முகத்துல முழிக்கவே கூச்சமாப் போச்சு."

பிரகாசியம்மாள் காபித் தம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"நான் உருட்டினதுல ஒம்பது எடுத்துக்கட்டுமாக்கா?"

"ஒம்பது என்னளா, தொண்ணூறு எடுத்துக்கோ."

பேராச்சி ஒன்பதுதான் எடுத்தாள். மூன்று தட்டிலும் மும்மூன்றாக வைத்தாள். முதல் தட்டைத் தூக்கி நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, உங்க தட்டு."

பிரகாசியம்மாளின் கண் ஜன்னல் திட்டுக்குப் போய், சாமியாரிடம் ஒற்றைக் கையால் வாங்கி வந்த வைக்கோலில் நின்றது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.