இரண்டாவது பிரேக்

“பாக்கறாங்க டீச்சர். பாத்துட்டு மூடிட்டுப் போயிடறாங்க.”

மயிலாத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள்.

“எதை?”

“என் வெப்சைட்டைத்தான். அதுலயும் நான் என்னென்ன செஞ்சு தர்றேன்னு போட்டிருக்கற பக்கத்தை. எத்தனை பேர் பாத்தாங்கன்னு அதுலயே காட்டுது. ஒரு போன் வர மாட்டேங்குது.”

உடுமலையில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தாள் ஷமீலா டீச்சர். சின்னச் சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்கு வெப்சைட் போடச் சொல்லித் தருவாள். சாமியார் மாதிரி தாடி இல்லை, காவி இல்லை. மயிலாத்தாவைவிடப் பத்து வயது சின்னவள் வேறு. இருந்தாலும் அவள் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. பேசுவதே குறைவு என்பதால் இருக்கலாம்.

மயிலாத்தா பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். ஒரே ஒரு கார். பொங்கலுக்குப் பிறகு புதிதாக ஒருத்தியும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரை விலை பேச ஆள் வருகிறது. அவள் வீட்டுக்காரர் ஏற்பாடு.

“அதுக்குள்ள போன் அடிச்சா கார் இருக்கும். இல்லேன்னா போயிரும் டீச்சர்.”

டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

மேலே பனிமலை. அதன் நடுவில் சிவப்பாக ஒரு கார், கூரையே இல்லாதது.

“இது உங்க காரா அக்கா?”

“ஐயோ, இல்லீங்க. நெட்ல எடுத்தது. அழகா இருக்கட்டுமேன்னு.”

கீழே வரிசையாக இருந்தது. இலகுரக வாகனப் பயிற்சி. பழகுநர் உரிமம். உரிமம் புதுப்பித்தல். முகவரி மாற்றம். பெயர் மாற்றம். சர்வதேச உரிமம்.

“சர்வதேச உரிமம் யாராச்சும் கேட்டாங்களா?”

“இல்ல. எதுத்தாப்புல இருக்கற டிரைவிங் ஸ்கூல்காரன் போட்டிருந்தான். நாம போடலேன்னா நல்லாவா இருக்கும்?”

டீச்சர் எழுந்தாள்.

“சாவி இருக்கா?”

“எதுக்கு?”

“வாங்க, கீழ போலாம்.”

“நல்லா இருக்கே! பக்கத்தைச் சரி பண்ணச் சொன்னா காரைக் கேக்கறீங்க.”

டீச்சர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.



சந்தை கூடாத நாள். திடல் காலியாகக் கிடந்தது. மயிலாத்தா காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இடம் மாறுங்க” என்றாள் டீச்சர்.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“எல்.எல்.ஆர்.?”

“இருக்கு. ரெண்டாவது தடவை எடுத்தது. மொதல்ல எடுத்தது பீரோவுலயே கெடந்து தேதி முடிஞ்சு போச்சு.”

மயிலாத்தா சிரிக்கப் போனாள். சிரிக்கவில்லை. டீச்சர் ஸ்டியரிங்கை, அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி தொட்டுத் தொட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நடு ரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா?”

“நிக்கட்டும். மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம்.”

“பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிப்பானே.”

“அடிக்கட்டும். அவன் வண்டி, அவன் ஹாரன். அவன் மட்டும் பொறக்கும்போதே ஓட்டிக்கிட்டா வந்தான்?”

டீச்சர் சாவியைத் தொட்டாள். திருப்பவில்லை.

“திட்டுவீங்களா?”

“நான் எங்க வீட்டுக்காரர்கிட்டக் கத்துக்கிட்டவ. கியர் மாத்தும்போதெல்லாம் ஒரு திட்டு. அழுதுக்கிட்டேதான் ரிவர்ஸ் எடுத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், என் வண்டியில ஏறினவ அழக் கூடாதுன்னு.”

“எதையாச்சும் இடிச்சுட்டா?”

அதுதான் உள்ளே இருந்த கேள்வி. மயிலாத்தாவுக்குத் தெரியும். ஏறுகிற எல்லாரும் கடைசியில் அதைத்தான் கேட்பார்கள்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள்.

“இங்க குனிஞ்சு பாருங்க. என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. உங்க கால் மறந்தாலும் என் கால் மறக்காது.”

டீச்சர் குனிந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

நிமிர்ந்து சாவியைத் திருப்பினாள்.

கார் ஒரு குதி குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது. அப்புறம் திடலைச் சுற்றி நகர ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றில் எங்கிருந்தோ ஒரு ஆடு குறுக்கே வந்தது.

கார் நின்றது. ஆடு திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

“நல்லவேளை, மிதிச்சீங்க” என்றாள் டீச்சர்.

“நான் எங்க மிதிச்சேன்?”

மயிலாத்தா இரண்டு காலையும் சீட்டின் மேல் சம்மணம் போட்டு வைத்திருந்தாள்.

டீச்சர் அந்தக் கால்களைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு சந்தோஷத்தில் திடலே அதிரும்படி ஒரு கத்து கத்தினாள். பேசாத டீச்சரா இது என்று மயிலாத்தாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.



இறங்கும்போது டீச்சர் சொன்னாள்.

“உங்க பக்கத்தைத் திறந்து திறந்து மூடினவங்கள்ல நானும் ஒருத்தி.”

“நீங்களா! ஏன் மூடினீங்க?”

“இவ்வளவு நேரம் பேசினீங்களேக்கா. முகவரி மாற்றம் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

மயிலாத்தா பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, டீச்சரிடம் சொன்னதையெல்லாம் எழுத ஆரம்பித்தாள்.



பனிமலை போய்விட்டது. சிவப்புக் காரும் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கால். ரப்பர் செருப்பு, வெள்ளிக் கொலுசு, அதன் கீழே ஒரு பிரேக்.

‘என் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கு.’

அதற்குக் கீழே: ‘வண்டி நின்னா நிக்கட்டும். திட்ட மாட்டேன். எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க.’

அதற்கும் கீழே, எத்தனை நாளில் ஓட்டலாம், எவ்வளவு ஆகும், எந்த நேரம் வரலாம். கடைசியாகப் போன் நம்பர்.

“இவ்வளவுதானா டீச்சர்? மொட்டையா இருக்கே.”

“நம்பரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.”

டீச்சர் அன்றைக்கே சேர்ந்தாள். மயிலாத்தாவின் வீட்டுக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

“அது உன்மேல பாவப்பட்டுச் சேந்தது. கணக்குல வராது.”

வெள்ளிக்கிழமை போன் அடிக்கவில்லை. மயிலாத்தா நெட் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது.

சனிக்கிழமை, இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அடித்தது. மாவுக் கையோடு எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் ரகசியமாகப் பேசினாள்.

“அக்கா, அந்த ரெண்டாவது பிரேக்கு... நெசமாலுமே இருக்கா?”

“இருக்கு கண்ணு.”

“அப்ப நான் வர்றேன்.”

வைத்ததும் மறுபடி அடித்தது. இட்லி வெந்து இறங்குவதற்குள் இன்னொன்று.

வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, வர்றவர் வந்துட்டுப் போகட்டும். வெலை என்ன சொல்றார்னு தெரிஞ்சுக்கறதுல என்ன தப்பு?” என்றார். இப்போது குரல் சின்னதாக இருந்தது.



ஞாயிற்றுக்கிழமை, காரை விலை பேசுகிறவர் வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி. காரைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், பானெட்டைத் திறந்து மூடினார். எல்லாம் பார்த்துவிட்டு இடது பக்கச் சீட்டில் ஏறிச் சாய்ந்து காலை நீட்டினார். காலில் ஏதோ தட்டியது.

“என்னுங்க இது? இந்தப் பக்கம் எதுக்கு ஒரு பிரேக்கு?”

வீட்டுக்காரர் மயிலாத்தாவைப் பார்த்தார்.

கேட்டுக்கு வெளியே நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஷமீலா டீச்சர், எல்.எல்.ஆரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.

மயிலாத்தா சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து கார்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

“நான் விக்கறது அதைத்தாங்கண்ணா, காரை இல்ல. கொஞ்சம் எறங்குங்க, கிளாசுக்கு நேரமாச்சு.”