காது மண்

"டீச்சர், காது கேக்காத பிள்ளைன்னு எலும்பை வச்சே சொல்லிர முடியுமா?" என்று கேட்டார் சுடலைமணி.

அகழாய்வில் முதுமக்கள் தாழி தோண்ட வந்த கூலிக்காரர். ஐம்பதைத் தாண்டியபின் எலும்புக் கொட்டகையில் தொழில் பழக வந்தவர். சொல்லிக்கொடுக்கும் ரெஜினா அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் குரு குருதானே.

அவள் தாழியிலிருந்து எடுத்த ஒரு சின்ன மண்டையோட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"காது மண்ணை எடுங்க அண்ணாச்சி. தண்ணி படக் கூடாது."

தண்ணீர் பட்டால் காதுக்குள் இருக்கும் நொய்யரிசி போன்ற எலும்புகள் மண்ணோடு போய்விடும். மூங்கில் குச்சியால் நெருடி நெருடி எடுத்தார். மத்தியானம் ஆகிவிட்டது. சல்லடையில் ஒரே ஒரு எலும்பு விழுந்தது. அதுவும் பாதி அரித்துப் போயிருந்தது.

காதுக்குப் பின்னால் ஒரு ஓட்டை.

"தோண்டும்போது கம்பி பட்டிருச்சா?"

"விளிம்பைத் தடவிப் பாருங்க."

மழமழவென்று இருந்தது.

"சீழ் அரிச்ச வழி. உசிரோட இருக்கும்போதே விழுந்தது. இன்னொரு காதும் இப்படித்தான்."

"வயசு?"

"பல்லைப் பார்த்தா ஒம்பது."

சுடலைமணி குச்சியைக் கீழே வைத்தார். அவர் மகள் பேச்சிக்கும் சாகும்போது ஒன்பது. காதில் சீழ் வடிந்தபோது எண்ணெய் காய்ச்சி ஊற்றினார். கூப்பிட்டுத் திரும்பாதபோது, திமிர் என்று புளிய விளாரை எடுத்தார். சீழ் மூளைக்கு ஏறி எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர் சொன்னார், பிள்ளைக்கு இரண்டு வருஷமாகவே கேட்டிருக்காது என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"இவளையும் அடிச்சிருப்பாங்களா டீச்சர்?"

"அவளா அவனான்னே இந்த வயசு எலும்புல தெரியாது. விளார் அடியும் தெரியாது."

"எம் பேச்சி எலும்புலயும் இருக்காதா?"

"இருக்காது."

அதைக் கேட்டு ஆறுதல் அடைந்ததற்காகவே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. மண்டையோட்டைத் தூக்கினார். காது ஓட்டையில் வாயை வைத்தார்.

"தெரியாம அடிச்சிட்டேன் தாயி," என்று தேம்பினார். "அப்பா தெரியாம அடிச்சிட்டேன்."

ரெஜினா அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். முகம் அவரைப் பார்க்கும்படி மேசையில் திருப்பி வைத்தாள்.

"காதுல சொல்லாதீங்க அண்ணாச்சி. உதடு தெரியிற மாதிரி முன்னால வந்து சொல்லுங்க."

சுடலைமணியால் வாயைத் திறக்க முடியவில்லை.