கோத் இசைக்கு ஒரு பிணம்

மொண்ணையூர் பேண்டு செட்டை ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் அதன் தலைவர், கிளாரினெட் செவத்தையா, டவுன் கல்லூரியின் இசைப் போட்டியில் ஜெயிக்காவிட்டால் மச்சானின் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போவதாக மனைவி சொர்ணத்திடம் வாக்குக் கொடுத்திருந்தார். பாவம், கோழி என்றால் அவருக்குக் குலைநடுக்கம்.

போட்டி நடத்தும் மாணவி மதிவதனி பொறுமையாகத்தான் விளக்கினாள். "இந்தத் தடவை போட்டி கோத், எமோன்னு ரெண்டு வெளிநாட்டு இசைக்குத்தான். ரெண்டுக்கும் கறுப்புச் சட்டைதான் அண்ணாச்சி. கோத் ஆளுங்க முகத்துல வெள்ளைப் பவுடர் பூசுவாங்க. சாவு, சுடுகாடெல்லாம் அவங்களுக்கு அழகாத் தெரியும். எமோ ஆளுங்க ஒரு கண்ணை முடியால மறைச்சுக்கிட்டு, சொந்த சோகத்தைச் சொல்லி அழுவாங்க. ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோங்க. கலந்தா வெளியேத்திடுவாங்க."

டீக்கடை பெஞ்சில் ஆலோசனை கூடியது.

"இது நம்ம ஊரு வழக்கம்லா!" என்றார் டிரம் இசக்கிமுத்து. "துட்டி வீட்டுல பொணத்துக்கு முன்னால மேளம் அடிக்கவன் கோத். தலைய விரிச்சுப் போட்டு அழுதவன் எமோ."

"அப்பம் நாம பொறந்ததுலேருந்தே கோத்துதான்," என்றார் செவத்தையா.

"அது சரி அண்ணாச்சி, பொணத்துக்கு எங்க போக?" என்றார் ஜால்ரா லூர்துசாமி.

பிணமில்லாமல் துட்டி மேளம் அடிப்பது எந்த ஊர் மரியாதை? தலைவர் என்ற முறையில் செவத்தையாவே படுப்பதென்று முடிவாயிற்று. பிணம் கிளாரினெட் வாசித்தால் நன்றாக இராது என்பதால் கிளாரினெட்டையும் விட்டுவிட்டார்கள்.

போட்டியன்று மேடையில் பாடை. அதில் செவத்தையா, கால் கட்டைவிரல்கள் கட்டப்பட்டு, மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையாமல் கிடந்தார். மேளம் பிளந்து கட்டியது. பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள்.

"முதல் பரிசு மொண்ணையூருக்கு! தலைவர் வந்து வாங்கிக்கலாம்," என்றார் நடுவர்.

"தலைவர் தவறிட்டாரு சார்," என்றார் இசக்கிமுத்து பணிவாக.

நடுவர் சிரித்தார். "அப்போ வீட்டுக்காரங்க வந்து வாங்கட்டும்."

லூர்துசாமி உடனே சொர்ணத்துக்குப் போன் போட்டார். "மதினி, அண்ணாச்சி செத்துட்டாரு. பரிசு வாங்க வாங்க."

சொர்ணம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவிழ்ந்த கூந்தல் ஒரு கண்ணை மறைக்க, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீயளே!" என்று பாடையில் விழுந்து அழுதாள்.

நடுவர் முகம் மாறியது. "இது எமோ. கலந்துட்டீங்க. பரிசு கிடையாது."

"மதினி நெசமாத்தான் சார் அழுதாவ!"

"நிஜமா அழுதாத்தான் எமோ."

செவத்தையா வாயை மட்டும் திறந்தார். "ஏ பிள்ள, அழாத. நான் சாவல."

சொர்ணம் கண்ணைத் துடைத்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். "பரிசும் போச்சுல்லா? அப்பம் நாளைக்கே கோழிப்பண்ணைக்குக் கிளம்புங்க."

செவத்தையா சற்று யோசித்தார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார்.

"பாத்தியளா மதினி," என்றார் இசக்கிமுத்து வருத்தத்தோடு, "இப்பம் நெசமாவே போயிட்டாரு." டிரம்மை மாட்டிக்கொண்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார்.